எண்ணிக்கை குறைந்த ஆண்டு: 2019இல் உலகப் பயங்கரவாதம்

2019ஆம் ஆண்டு பிறந்த இரவில், புர்கினா பாசோ நாட்டின் யிர்கு என்ற கிராமத்துக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் சிலர் புகுந்து, ஊர்த்தலைவரையும் இன்னும் சிலரையும் சுட்டுக் கொன்றார்கள். வந்தவர்கள் ஜிகாதிக் குழுவினர் என்று ஊரார் நம்பினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என்ற பழி, அக்கம்பக்கத்தில் மாடு மேய்த்து வாழும் ஃபுலானி மக்கள்மீது விழுந்தது. கோக்ல்வேகோ எனப்படும் ஊர்க்காவல் படையினர் அடுத்து வந்த நாட்களில் அந்த மக்களின் குடியிருப்புகளைத் தேடிச் சென்று தாக்கினார்கள். இறந்தவர்கள் 49 பேர் என்றது அரசு. 200க்கும் மேல் என்றன அங்குள்ள குடிமக்கள் அமைப்புகள்.

இவற்றில் எது பயங்கரவாதம்? முதலில் வந்தவர்கள் செய்தது மட்டுமா, பழிவாங்கப் போனவர்கள் செய்ததும் அதில் அடங்குமா? அடங்கும் என்றால் யார் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்வது? ஓர் ஆண்டில் உலகில் இத்தனை தாக்குதல்கள் நடந்தன, இத்தனை பேர் மாண்டார்கள் என்று வெளியாகும் ஒவ்வோர் அறிக்கைக்கு அடியிலும் இத்தகைய கேள்விகள் ஆயிரக்கணக்கில் புதைந்து கிடக்கின்றன. 2019ஐ நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டில் மொத்த எண்ணிக்கை குறைந்தது. ஆனால் பயங்கரவாதம் எங்கே வேர் பிடிக்கிறது, யார் கையில் எடுக்கிறார்கள், எந்த வழியாகப் பரவுகிறது என்ற மூன்றும் மாறிக்கொண்டிருந்ததை அந்த ஆண்டு போலத் தெளிவாகக் காட்டிய ஆண்டு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பயங்கரவாதம் என்ற சொல்லுக்கு உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட வரையறை இன்றுவரை இல்லை. இதற்கென ஒரு முழுமையான உடன்படிக்கை வேண்டும் என்று இந்தியா 1996இல் ஐ.நா. சபையில் வரைவு ஒன்றை முன்வைத்தது. ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுபவர்களை அதில் சேர்ப்பதா, அரசுப் படைகளின் செயல்களுக்கு விலக்கு அளிப்பதா என்ற இரண்டு முடிச்சுகள் அவிழாமல் அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது. ரஷ்யாவின் பெஸ்லான் நகரப் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்டதன் அதிர்ச்சியில், 2004 அக்டோபரில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1566ஆம் தீர்மானம், மக்களை அச்சுறுத்துவதற்காகவோ ஓர் அரசைப் பணிய வைப்பதற்காகவோ குடிமக்களைக் கொல்லும் குற்றச் செயல்களுக்கு எந்த நியாயமும் கிடையாது என்று சொன்னது. அதையும் நாடுகள் தத்தமக்கு ஏற்றபடியே பொருள் கொள்கின்றன. ஆகவே, கணக்கெடுப்பவர்கள் தாங்களே ஒரு வரையறையை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர்களில் நெடுங்காலமாக இந்தப் பணியைச் செய்துவருவது அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம். 1970 முதலான நிகழ்வுகளைத் தொகுத்து வைத்திருக்கும் அதன் தரவுத்தளம், அரசு அல்லாத ஒருவரோ குழுவோ வேண்டுமென்றே செய்த வன்முறையை அல்லது வன்முறை மிரட்டலை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதற்கு அரசியல், பொருளியல், மத அல்லது சமூக நோக்கம் இருக்கிறதா, நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களையும் தாண்டிப் பெரிய கூட்டத்தாருக்கு அச்சமூட்டவோ செய்தி சொல்லவோ அது முனைந்ததா, போர்ச் சட்டங்கள் அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே நடந்ததா என்ற மூன்று கேள்விகளில் இரண்டுக்காவது ஆம் என்ற விடை கிடைத்தால்தான் நிகழ்வு பட்டியலில் ஏறும். இவ்வளவு கவனமாகத் தொகுத்த பட்டியலிலும் 1993ஆம் ஆண்டு முழுவதும் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தொடக்ககாலத் தொகுப்பாளர்கள் அலுவலகம் மாறியபோது அந்த ஆண்டின் பதிவுகள் தொலைந்துவிட்டன. மும்பையில் தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்த ஆண்டு அது.

இந்தத் தரவுத்தளத்தின்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 8,500 தாக்குதல்கள் நடந்தன. 20,300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் 5,460 பேர் தாக்க வந்தவர்கள். மறுபுறம், ஆஸ்திரேலியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளியல் மற்றும் அமைதி நிறுவனம் வெளியிட்ட உலகப் பயங்கரவாதக் குறியீடு, அதே ஆண்டில் இறந்தவர்கள் 13,826 பேர் என்றும், முந்தைய ஆண்டைவிட இது 15 விழுக்காடு குறைவு என்றும் கூறியது. 2014இல் 33,000ஐத் தாண்டிய உயிரிழப்பு ஐந்தாவது ஆண்டாகத் தொடர்ந்து இறங்கியிருந்தது. எந்த எண் சரி என்று கேட்பதைவிட, எதை எண்ணி அந்த எண் வந்தது என்று கேட்பதே பயன் தரும். தாக்கியவர்களின் சாவைச் சேர்க்கலாமா, போர்க்களத்தையொட்டி நடந்ததைச் சேர்க்கலாமா என்ற முடிவுகளிலேயே ஆயிரக்கணக்கான உயிர்கள் பட்டியலுக்குள் வருகின்றன அல்லது வெளியே போகின்றன. இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருந்த நாடுகளில்தான் இறந்தார்கள். குறியீட்டின் கணக்கில் அது 96 விழுக்காட்டுக்கும் மேல்.

அதிலும் ஆப்கானிஸ்தான் மட்டும் 41 விழுக்காடு. அந்த ஆண்டில் உலகில் பயங்கரவாதத்தால் இறந்த ஐந்து பேரில் இருவர் ஆப்கானிஸ்தானில் இறந்தவர்கள். 2019இல் தாலிபான்கள் ஒருபுறம் தோஹாவில் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபுறம் பேச்சுமேசையில் தங்கள் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பதற்காக நகரங்களில் குண்டுகளை வெடித்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 5ஆம் நாள் காபூலில் வெடித்த கார்க்குண்டில் அமெரிக்கப் படைவீரர் ஒருவரும் இறந்ததும், அன்றைய அதிபர் டிரம்ப் பேச்சை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் இறந்த ஆப்கானியர்களால் அந்தப் பேச்சு ஒருநாள்கூட நின்றதில்லை. 2020 பிப்ரவரி 29இல் உடன்பாடும் கையெழுத்தானது. ஆப்கானிஸ்தானிலுள்ள ஐ.நா. உதவிப் பணிக்குழு அந்த ஆண்டில் கொல்லப்பட்ட குடிமக்கள் 3,403 பேர் என்றும், காயமடைந்தவர்கள் 6,989 பேர் என்றும் பதிவு செய்தது. அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் அரசுப் படைகளாலும் பன்னாட்டுப் படைகளாலும் பாதிக்கப்பட்டவர்கள். அரசு அல்லாதவர்கள் செய்ததை மட்டுமே எண்ணும் பயங்கரவாதப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

எண் என்பது அங்கே எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஜனவரி 21இல் மைதான் ஷாரிலிருந்த உளவுத்துறைப் பயிற்சி முகாமைத் தாலிபான்கள் தாக்கினார்கள். படையிடமிருந்து கைப்பற்றிய கவச வாகனத்திலேயே வெடிமருந்தை நிரப்பி உள்ளே செலுத்தினார்கள். தொடக்கத்தில் 12 பேர் என்றார்கள். அரசு பின்னர் 36 என்றது. பெயர் சொல்ல விரும்பாத உயர் அதிகாரிகள் நூற்றுக்கும் மேல் என்றார்கள். படையின் மனவுறுதி குலைந்துவிடும் என்ற அச்சத்தில் இறப்பு மறைக்கப்படுவது அந்தப் போரில் புதிதல்ல. அடுத்தது ஆகஸ்ட் 17. காபூல் நகரின் மேற்கில், ஷியா பிரிவைச் சேர்ந்த ஹசாரா மக்கள் மிகுதியாக வாழும் பகுதியில், திருமண மண்டபம் ஒன்றில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பின் ஆள் ஆண்கள் கூடியிருந்த பகுதிக்குள் புகுந்து தன்னை வெடிக்க வைத்துக்கொண்டான். மறுநாள் செய்திகள் 63 பேர் என்றன. காயமடைந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்க, எண் 80ஐத் தாண்டியது. உலகின் பெரும்பாலான செய்தித்தாள்களில் அது 63ஆகவே நின்றுவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் இறந்தவர்களைப் பற்றி எழுத, அப்போது அங்கே வேறு குண்டுகள் வெடித்திருந்தன.

ஒரு தாக்குதலின் விளைவு இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல என்பதைப் பிப்ரவரி மாதத்தின் இரண்டு நாட்கள் காட்டின. 13ஆம் நாள் ஈரானின் தென்கிழக்கில், ஜாஹெதான் செல்லும் சாலையில், புரட்சிக் காவல்படையினர் சென்ற பேருந்தின்மீது வெடிமருந்து நிரப்பிய கார் மோதி 27 பேர் இறந்தார்கள். மறுநாள் காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்தில், ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், மத்திய ரிசர்வ் காவல்படையினர் சென்ற பேருந்தின்மீது அதே முறையில் ஒரு கார் மோதி 40 பேர் இறந்தார்கள். இரண்டிலும் இறந்தவர்கள் சீருடையினர். இரண்டிலும் குற்றச்சாட்டு எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானை நோக்கியே நீண்டது. முதலாவது கண்டன அறிக்கைகளோடு அடங்கியது. இரண்டாவது, அணுஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளைப் போரின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. பிப்ரவரி 26இல் இந்திய விமானங்கள் 1971 போருக்குப் பின் முதன்முறையாகக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் பாலாகோட்டில் குண்டு வீசின. மறுநாள் வான்சண்டை மூண்டது. அந்தப் பதற்றத்தில் ஸ்ரீநகர் அருகே இந்திய விமானப்படையின் ஏவுகணையே அதன் ஹெலிகாப்டரைத் தவறுதலாகச் சுட்டு வீழ்த்த, உள்ளே இருந்த ஆறு வீரர்களும் தரையிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். அந்த ஏழு உயிர்கள் எந்தப் பயங்கரவாதப் பட்டியலிலும் வரமாட்டா. புல்வாமா நடந்திராவிட்டால் அவர்கள் இறந்திருக்கவும் மாட்டார்கள்.

மொத்த எண்ணிக்கை குறைந்ததற்கு முதன்மையான காரணம் ஐ.எஸ். அமைப்பின் வீழ்ச்சி. மார்ச் 23இல் சிரியாவின் கிழக்கிலுள்ள பாகூஸ் என்ற சிற்றூர் குர்திய மக்கள் தலைமையிலான படைகளிடம் விழுந்ததோடு, ஒரு காலத்தில் ஈராக்கிலும் சிரியாவிலும் பெரும் நிலப்பரப்பை ஆண்ட அந்த அமைப்புக்கு நிலம் என்று எதுவும் மிஞ்சவில்லை. நிலம் போனதும் அமைப்பு போய்விடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் மறுமொழி வந்தது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை எட்டே முக்கால் மணியளவில் தொடங்கி, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும், கொழும்பின் மூன்று ஆடம்பர விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் வெடித்தார்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு வகுப்பை முடித்துக்கொண்டு முற்றத்தில் நின்ற குழந்தைகள். போர் முடிந்து பத்து ஆண்டுகள் நிறையவிருந்த நேரம் அது. இனிக் குண்டுச் சத்தம் கேட்காது என்று நம்பிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அந்தப் பெற்றோர்கள். எல்லோருக்கும் உரிய நாளாக அவர்கள் கருதிய ஒரு காலையில் அந்த நம்பிக்கை உடைந்ததை, எந்தக் குறியீட்டாலும் அளக்க முடியாது.

இறந்தவர்கள் 359 பேர் என்று அரசு அறிவித்தது. ஏப்ரல் 25இல் அந்த எண்ணை 253ஆகத் திருத்தியது. சிதைந்த உடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எண்ணிவிட்டதாக மருத்துவ அதிகாரிகள் விளக்கினார்கள். காயங்களால் பின்னர் இறந்தவர்களோடு அது 260ஐத் தாண்டியது. இந்தத் திருத்தத்தை அலட்சியம் என்று பலர் சாடினார்கள். எனக்கோ அதில் தெரிவது, பிணவறையில் நின்று துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, நூறு பேர் குறைவு என்ற உண்மையை வெளியே சொன்ன மருத்துவர்களின் நேர்மை.

அலட்சியம் வேறோர் இடத்தில் இருந்தது. தாக்குதல் நடக்கவிருப்பதாக இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் நாளே இலங்கை உளவுத்துறைக்குத் தகவல் வந்தது. சூத்திரதாரியின் பெயரையும், தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்பதையும் சொல்லும் சுற்றறிக்கை ஏப்ரல் 11ஆம் நாள் காவல்துறைக்குள் சுற்றியது. சூத்திரதாரியான அந்தக் காத்தான்குடிப் போதகரைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வந்தார்கள். ஜனவரியில் வணாத்தவில்லுவில் பெருமளவு வெடிபொருள் சிக்கியது. இவ்வளவும் இருந்தும், 2018 அக்டோபரில் பிரதமரை நீக்கிய நெருக்கடிக்குப் பின் ஜனாதிபதியும் பிரதமரும் பகைத்துக்கொண்டு நின்ற ஓர் அரசில், பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. தகவல் கிடைத்தவர்கள் செயல்படவில்லை. இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவல்துறை மற்றும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளுக்கும் தனித்தனியாக இழப்பீடு விதித்தது. தடுக்கத் தவறியதற்காக நாட்டின் தலைவராக இருந்தவரையே பொறுப்பாளியாக்கிய இத்தகைய தீர்ப்பு உலகில் அரிது.

ஐ.எஸ். இரண்டு நாட்கள் கழித்து உரிமை கோரியது. ஏப்ரல் 29இல், 2014க்குப் பின் முதன்முறையாகக் காணொளியில் தோன்றிய அதன் தலைவர் அபுபக்கர் அல்-பக்தாதி, இலங்கைத் தாக்குதல் பாகூஸுக்கான பழி என்றார். மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த மசூதிக் கொலைகளுக்கான பழி என்று இலங்கை அமைச்சர் ஒருவர் முன்னதாகச் சொல்லியிருந்தார். அதற்கான சான்று எதுவும் வெளியிடப்படவில்லை. ஆயத்தங்களோ கிறைஸ்ட்சர்ச்சுக்கு முன்பே தொடங்கியிருந்தன. நிலமிழந்த ஓர் அமைப்பு, தன்னிடம் படை இல்லாத ஒரு நாட்டில், உள்ளூர்க் குழு ஒன்றின் வெறுப்பையும் பணத்தையும் கொண்டு இவ்வளவு பெரிய அழிவை உண்டாக்க முடியும் என்பதே அந்த ஞாயிறு காட்டிய புதுமை. அக்டோபர் இறுதியில் சிரியாவின் பாரிஷா என்ற ஊரில் அமெரிக்கப் படை சூழ்ந்தபோது பக்தாதி இறந்தார். டிசம்பரில், அவருடைய சாவுக்குப் பழி என்று சொல்லி, நைஜீரியாவில் அந்த அமைப்பின் கிளை பிணையாளிகளைக் கொன்று காணொளி வெளியிட்டது.

இனி மார்ச் 15க்குத் திரும்ப வேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில், அல் நூர் மசூதியிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஆஸ்திரேலியன் ஒருவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் பெயரை ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் சொன்னார். இந்தக் கட்டுரையிலும் அவன் பெயரோ அவனைப் போன்றவர்களின் பெயரோ இல்லை. கொலையை அவன் தலையில் பொருத்திய கருவியால் முகநூலில் நேரலையாக ஒளிபரப்பினான். நேரலையைப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. நீக்கப்படுவதற்குள் அந்தப் பதிவை சுமார் 4,000 பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அதன் பிரதிகள் 15 இலட்சத்தை நீக்க வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. அவற்றில் 12 இலட்சம் பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டவை. மீதி மூன்று இலட்சம் ஏதோ ஒரு நேரம் மக்கள் கண்ணில் பட்டவை.

அவை யார் கண்ணில் பட்டன என்பது அடுத்த மாதங்களில் தெரிந்தது. ஏப்ரல் 27இல் கலிபோர்னியாவின் போவே நகர யூத ஆலயத்தில் ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றவனும், ஆகஸ்ட் 3இல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் மெக்சிக்க வம்சாவளியினர் கூடும் அங்காடிக்குப் பல மணி நேரம் கார் ஓட்டிச் சென்று சுட்டவனும், கிறைஸ்ட்சர்ச் கொலைகாரனைத் தங்கள் முன்னோடியாக எழுதி, பெயர் மறைத்து எழுத இடம் தரும் 8சான் என்ற ஒரே இணையத் தளத்தில் பதிவிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் கழித்து நார்வேயில் ஓர் இளைஞன் முதலில் வீட்டில் தன் வளர்ப்புச் சகோதரியைக் கொன்றுவிட்டு மசூதிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தான். தொழ வந்திருந்த முதியவர் ஒருவர் அவனைப் பாய்ந்து பிடித்து அமுக்கினார். அக்டோபர் 9இல், யோம் கிப்பூர் நோன்பு நாளில், ஜெர்மனியின் ஹாலே நகர யூத ஆலயத்துக்குள் புக முயன்றவனை அதன் கதவு தடுத்தது. உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். உள்ளே நுழைய முடியாமல் அவன் வெளியே இருவரைக் கொன்றான். அதையும் விளையாட்டு ஒளிபரப்புத் தளமொன்றில் நேரலை செய்தான். ஐவர் அதை நேரலையாகப் பார்த்தார்கள். நீக்குவதற்குள் மேலும் 2,200 பேர்.

இவர்கள் யாரும் ஓர் அமைப்பின் உறுப்பினர்கள் அல்லர்; ஒருவரை ஒருவர் சந்தித்தவர்களும் அல்லர். கட்டளை இடுபவர் இல்லை. பயிற்சி முகாம் இல்லை. முந்தையவனின் காணொளியே அடுத்தவனுக்குப் பாடம். குறியீட்டின் கணக்கில் அதிதீவிர வலதுசாரிப் பயங்கரவாதத்தால் அந்த ஆண்டில் இறந்தவர்கள் 89 பேர். அவர்களில் 51 பேர் கிறைஸ்ட்சர்ச்சில் இறந்தவர்கள். மொத்தம் 13,826இல் இது மிகச் சிறிய பங்கு. அந்தப் பங்கைக் காட்டி இந்த ஆபத்தைச் சிறியது என்று ஒதுக்குபவர்கள், ஏழு மாதத்தில் நான்கு நாடுகளுக்கு அது தாவிய வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எல் பாசோவில் காயமடைந்த ஒருவர் ஒன்பது மாதம் மருத்துவமனையில் போராடி 2020இல் இறந்தபோது அங்கு எண்ணிக்கை 23 ஆனது. அந்த வழக்கும்கூடப் பயங்கரவாத வழக்காக அல்லாமல் வெறுப்புக் குற்ற வழக்காகவே நடந்தது. உள்நாட்டுப் பயங்கரவாதத்தைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் இல்லை.

நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு மாதம் ஆவதற்குள், ஏப்ரல் 10இல், ஒரேயொரு எதிர்வாக்கோடு இராணுவ வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. மே 15இல் ஆர்டர்னும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் பாரிஸில் நாடுகளையும் இணைய நிறுவனங்களையும் கூட்டி, வன்முறைக் காட்சிகள் பரவுவதைத் தடுக்கும் உறுதிமொழியை வெளியிட்டார்கள். அமெரிக்கா அப்போது அதில் சேரவில்லை. ஹாலே காணொளி அரைமணி நேரத்தில் நீக்கப்பட்டதில் அந்த முயற்சியின் பலன் ஓரளவு தெரிந்தது.

உலகின் பார்வை இவற்றின்மீது இருந்தபோது, எண்ணிக்கை உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்த இடம், சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலுள்ள சாஹேல் பகுதி. 2011இல் லிபியாவில் கடாபி ஆட்சி சரிந்தபின் அங்கிருந்து வெளியேறிய ஆயுதங்களும் போராளிகளும் 2012இல் மாலியின் வடக்கைக் கவிழ்த்தன. பிரெஞ்சுப் படை நகரங்களை மீட்டது. குழுக்கள் ஊர்ப்புறங்களுக்குப் பரவின. மாலி, நைஜர், புர்கினா பாசோ மூன்றும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் அரசு என்பது மக்களுக்கு வரி வாங்கும்போதும் கைது செய்யும்போதும் மட்டுமே தெரிந்த ஒன்று. மேய்ச்சல் நிலத்துக்கும் தண்ணீருக்கும் உழவர்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் இடையே இருந்த பழைய வழக்குகளில் தலையிட்டு, ஒரு தரப்புக்குப் பாதுகாப்பு தருவதாகச் சொல்லித்தான் ஜிகாதிக் குழுக்கள் ஆள் சேர்த்தன. எதிர்த்தரப்பு தனக்கென ஆயுதப் படை திரட்டியது. யிர்குவில் நடந்தது அதுதான். மார்ச் 23இல், பாகூஸ் விழுந்த அதே நாளில், மாலியின் ஓகோசாகு கிராமத்தில் ஏறத்தாழ 160 ஃபுலானி மக்கள், குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டதும் அதன் தொடர்ச்சியே. ஜூனில் டோகோன் மக்களின் சோபானே தா கிராமம் தாக்கப்பட்டபோது முதலில் 95 பேர் என்றார்கள். பின்னர் 35 என்று திருத்தினார்கள். அந்த 35இல் 24 பேர் குழந்தைகள்.

ஆண்டின் பிற்பகுதியில் தாக்குதல்கள் போரின் அளவை எட்டின. நவம்பர் 1இல் மாலியின் இந்தெலிமானே முகாமில் ஏறத்தாழ 50 படையினர் இறந்தார்கள். 6ஆம் நாள் புர்கினா பாசோவின் கிழக்கில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற பேருந்து வரிசையில் 37க்கும் மேற்பட்டோர். டிசம்பர் 10இல் நைஜரின் இனாட்டெஸ் முகாமில் 71 படையினர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் புர்கினா பாசோவின் அர்பிந்தா நகரில் குடிமக்கள் 35 பேர், அவர்களில் 31 பேர் பெண்கள். இந்த மூன்று நாடுகளில் 2016இல் 770ஆக மதிப்பிடப்பட்ட உயிரிழப்பு 2019இல் 4,000ஐத் தாண்டிவிட்டது என்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கான ஐ.நா. தூதர் முகமது இபன் சாம்பாஸ் 2020 ஜனவரியில் பாதுகாப்புச் சபையில் கூறினார்; புர்கினா பாசோவில் மட்டும் 1,800க்கும் மேல் என்றார். உலகப் பயங்கரவாதக் குறியீட்டில் அந்த நாட்டுக்கு உரிய எண் 593. ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு கணக்கு மற்றொன்றின் மூன்று மடங்கு. செய்தியாளர்கள் போக முடியாத ஊர்களில், சொல்ல ஆளின்றிப் போன மரணங்கள் இரண்டிலும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் அங்கே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்தார்கள். பள்ளிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன.

வேறு தாக்குதல்களும் உண்டு. ஜனவரியில் நைரோபியின் விடுதி வளாகத்தில் 21 பேரும், பொகோட்டா காவலர் பயிற்சிப் பள்ளியில் 22 பேரும், பிலிப்பைன்ஸின் ஹோலோ பேராலயத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். பொகோட்டாவில் வெடித்த குண்டு, கொலம்பிய அரசுக்கும் தேசிய விடுதலைப் படை என்ற இடதுசாரிக் கிளர்ச்சிக் குழுவுக்கும் இடையே மிஞ்சியிருந்த பேச்சுவார்த்தைக்கும் முடிவு கட்டியது. ஜூலையில் சோமாலியத் தலைநகர் மொகதிசுவின் மாநகர அலுவலகக் கூட்டத்தில் அங்கே பணியாற்றிய பெண்ணே குண்டை வெடிக்க, மேயர் சில நாட்களில் இறந்தார். நவம்பர் இறுதியில் லண்டன் பாலத்தருகே, கைதிகளின் மறுவாழ்வுக்காக உழைத்த இரண்டு இளைஞர்களை, அவர்களின் திட்டத்தில் பங்கேற்ற முன்னாள் கைதியே குத்திக் கொன்றான்.

ஆண்டின் கடைசிப் பெரிய தாக்குதலும் மொகதிசுவில்தான் நடந்தது. டிசம்பர் 28, சனிக்கிழமை காலை. நகரின் தென்மேற்கு வாயிலில் வரி வசூலிக்கும் சோதனைச் சாவடி. அங்கே எப்போதும் வாகன நெரிசல். வெடிமருந்து நிரப்பிய சரக்கு வண்டி அந்த நெரிசலுக்குள் வெடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; சாலைப் பணிக்காக வந்திருந்த துருக்கியர் இருவரும், சிற்றுந்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்த மாணவர்கள் பத்துக்கும் மேற்பட்டோரும் அவர்களில் அடக்கம். இரண்டு நாட்கள் யாரும் உரிமை கோரவில்லை. 2017 அக்டோபரில் 580க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டுக்கும் சோமாலியாவின் ஜிகாதி அமைப்பான அல்-ஷபாப் இறுதிவரை உரிமை கோரியதில்லை. இம்முறை 30ஆம் நாள் அதன் பேச்சாளர் ஒலிப்பதிவு ஒன்றை வெளியிட்டார். குறிவைத்தது துருக்கியர்களையே என்றார். இறந்த சோமாலிய முஸ்லிம்களுக்காக வருந்துவதாகச் சொல்லி, அந்தச் சாவுகளை இறைவனின் விதி என்றார். ஒலிப்பதிவு வந்த நேரத்தில், காயமடைந்தவர்களைத் துருக்கியின் இராணுவ விமானம் அங்காராவுக்குக் கொண்டு போயிருந்தது. மொகதிசு மருத்துவமனைகளின் வாசலில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு பெற்றோர்கள் இன்னும் நின்றிருந்தார்கள்.